தொடர்மாடியில் கற்பூரவள்ளி: வெக்கையும் ஈரமும் அறிந்து வளர்க்க 12 குறிப்புகள்

தடிமன், இருமல் என்றதும் கற்பூரவள்ளி இலையைத் தேடாத வீடு நம்மவரிடையே குறைவு. ஊரில் கிணற்றடியில் தன்பாட்டில் படர்ந்து கிடக்கும் செடிதான். ஆனால் கொழும்புக்கு வந்து பல்கனிச் சாடியில் ஏறியதும், ஒரு மழைக்காலம் தாண்டுவதே அதற்குப் பெரும்பாடாகி விடுகிறது. எங்கள் வீட்டில் இரண்டு சாடிகள் அழுகிப் போன பிறகுதான் விளங்கியது: இங்கே இந்தச் செடிக்கு வெயிலைவிட ஈரந்தான் பெரிய எதிரி. அதற்கேற்ற சில குறிப்புகள் இதோ.

1. கற்பூரவள்ளி 20 முதல் 32 பாகை செல்சியஸ் வரை செழித்து வளரும். கொழும்பின் சராசரி வெப்பநிலை ஆண்டு முழுவதும் 27, 28 பாகையை ஒட்டியே இருப்பதால் எந்த மாதத்திலும் நடலாம். ஆனால் கடுங்குளிர் அதற்கு ஆகாது. நுவரெலியாவில் இருக்கும் உறவினருக்குக் கிளை கொடுத்தால், தை, மாசி இரவுகளில் சாடியை வீட்டுக்குள் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

2. கொழும்புக் காற்றில் ஈரப்பதன் எப்போதும் அதிகம். இந்தச் செடியோ தடித்த இலையிலேயே தண்ணீரைச் சேமித்து வைத்திருக்கும். ஆகவே இலைக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டாம். இலையிலுள்ள மெல்லிய மயிர்கள் ஈரத்தைப் பிடித்து வைத்துப் பூஞ்சணத்துக்கு இடம் கொடுத்துவிடும். காலையில் அடிமண்ணுக்கு மட்டும் ஊற்றுங்கள்.

3. தண்ணீர் தேவையா என்று இலையையே கேட்கலாம். முற்றிய இலை ஒன்றை மடித்துப் பாருங்கள். ‘டக்’ என்று முறிந்தால் தண்ணீர் போதும். துணிபோல் வளைந்தால் தாகம். வளைந்தாலும் ஒருமுறை மண்ணுக்குள் விரலை விட்டுப் பாருங்கள். மண் ஈரமாக இருந்தும் இலை துவண்டிருந்தால் வேர் அழுகத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

4. தோட்டமண், ஆற்றுமணல், கூட்டெரு மூன்றையும் சம அளவில் கலந்துகொள்ளுங்கள். தும்புச்சோறு பாரம் குறைவு என்று அதையே நிரப்பிவிட வேண்டாம். மாரியில் அது நாட்கணக்கில் நீரைப் பிடித்து வைத்திருக்கும்.

5. பிளாஸ்டிக் வாளியைவிட மண்சாடி நல்லது; அதன் பக்கச் சுவர் வழியாகவும் ஈரம் ஆவியாகும். அடித்துவாரத்தின் மேல் உடைந்த ஓட்டுத் துண்டு ஒன்றைக் கவிழ்த்து வையுங்கள். மண் அடைக்காமல் தண்ணீர் வடியும்.

6. சாடியின் கீழ்த்தட்டில் தண்ணீர் நிற்க விடாதீர்கள். வேர் அழுகுவது ஒருபுறம், டெங்கு நுளம்பு முட்டையிடுவது இன்னொருபுறம். நுளம்பு முட்டையிலிருந்து பறக்க ஏறத்தாழ ஒரு வாரமே போதும். மருந்துக்கு வளர்க்கும் செடி வீட்டுக்கு நோயைக் கொண்டுவரக் கூடாது. நாளாந்தம் தட்டைக் கவிழ்த்து, வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள்.

7. கொழும்பில் கடும்மழை சித்திரை, வைகாசியிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் வரும். அந்த மாதங்களில் சாடியைப் பல்கனி விளிம்பிலிருந்து ஒரு முழம் உள்ளே நகர்த்துங்கள். வெளிச்சம் பட வேண்டும், சாரல் படக் கூடாது.

8. வெள்ளவத்தையில் மரைன் டிரைவ் பக்கம் பார்த்த பல்கனிகளுக்கு இன்னொரு தொல்லை, உப்புக்காற்று. மே முதல் செப்டெம்பர் வரை சோளகம் வீசும்போது இலை ஓரங்கள் கருகினால், வாரம் ஒருமுறை விடியற்காலையில் நல்ல தண்ணீரால் இலைகளைக் கழுவிக் காற்றில் உலர விடுங்கள். இதற்கு மட்டுமே இலை நனையலாம்.

9. காலை வெயில் 4 மணி நேரம் கிடைத்தால் இலை கெட்டியாக, வாசத்தோடு இருக்கும். பங்குனி, சித்திரையில் மட்டும் நடுப்பகல் நிழல் வேண்டும். ஏப்ரல் 5 முதல் 15 வரையான நாட்களில் சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் நிற்கும். சீமெந்துத் தரை கொதித்தால் வேரும் வேகும். சாடியை இரண்டு செங்கல்லின் மேல் தூக்கி வைத்து, பழைய வெள்ளை வேட்டித் துண்டொன்றை மேலே கட்டிவிடுங்கள்.

10. கொட்டாஞ்சேனையில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் காற்றோட்டந்தான் குறை. முற்றத்து மூலையில் வைக்காமல் யன்னல் கம்பியில் தொங்கவிடுங்கள். சாடிக்குச் சாடி ஒரு சாண் இடைவெளி விடுங்கள். மண்ணைத் தொடும் அடி இலைகளைக் கிள்ளிவிடுங்கள். ஏசியின் வெளிப்பெட்டி ஊதும் அனல் படும் இடத்தையும் தவிருங்கள்.

11. அடித்தண்டு கறுத்துக் குழைந்தால் அந்தச் செடி மீளாது. தாமதிக்காமல் மேலே நல்ல பச்சையாக இருக்கும் கிளையை 4 அங்குல நீளத்தில் வெட்டி, அடி இலைகளை அகற்றி, அரை நாள் நிழலில் வைத்து வெட்டுவாய் காய்ந்தபின் புது மண்ணில் நடுங்கள். இரண்டு வாரத்தில் வேர் பிடிக்கும். பழைய மண்ணை மறுபடி பயன்படுத்த வேண்டாம்.

12. இலையைப் பறித்ததும் நன்றாகக் கழுவுங்கள். சாற்றில் தேன் கலப்பது வழக்கமென்றாலும் ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. காய்ச்சலோ மூச்சிரைப்போ இருந்தால் இலையை நம்பிக் காத்திராமல் மருத்துவரிடம் போங்கள்.

செடி தழைத்ததும் ஒரு கிளையை அயல்வீட்டுக்குக் கொடுத்து வையுங்கள். அடுத்த அடைமழையில் உங்கள் சாடி அழுகிப் போனாலும், கதவைத் தட்டிக் கேட்டால் அதே செடி உங்களிடம் திரும்பி வரும்.