மீனின் உணவைத் தசை கொண்டு அறிதல்

மீன் எதை உண்டு வாழ்கிறது என்பதை அறிய, அதன் இரைப்பையைத் திறந்து உள்ளிருப்பவற்றை நுண்பெருக்கியின் கீழ் ஆராய்வது நெடுநாளைய முறையாகும். மேலைக் கடற்கரையில் ஃபிராஜிலேரியா ஓஷியானிக்கா என்னும் டயாட்டம் பெருகுதலுக்கும் எண்ணெய் மத்தி மிகுதியாக அகப்படுதலுக்கும் தொடர்புண்டு என்று 1955-ஆம் ஆண்டில் நாயர், சுப்பிரமணியன் ஆகிய இருவரும் எடுத்துக்காட்டினர். இம்மீனின் இரைப்பையில் டயாட்டங்கள் காணப்படுவது அதற்குப் பொருந்திய சான்றாகும்.

ஆயினும், இரைப்பை காட்டுவது கடைசியாக உண்ட இரையை மட்டுமே. டயாட்டத்தின் சிலிக்கா ஓடு எளிதில் அழியாது. மென்மையான உடலுடைய சிற்றுயிர்களோ விரைவில் கரைந்துபோகும். எஞ்சியவற்றை மட்டும் எண்ணி முடிவு கூறின் பிழை நேரும். வெற்றிரைப்பையோ ஒன்றும் கூறாது.

இக்குறையை இரசாயனப் பகுப்பாய்வு பெரிதும் நீக்குகிறது. காற்றிலுள்ள நைட்ரஜனில் 99.6 சதவிகிதம் நிறை 14 உடையது. எஞ்சிய சிறு பகுதி நிறை 15 உடையது. மீன் கழிவாக வெளியேற்றும் அம்மோனியாவில் இலேசான நைட்ரஜன் சற்று மிகுதியாகச் செல்வதால், கனமானது தசையில் கூடுகிறது. காற்றிலுள்ள விகிதத்தைவிட இது ஆயிரத்திற்கு எத்தனை பங்கு மிகுதி என்று கணக்கிடுவர். உணவுத் தொடரில் ஒரு படி ஏறுந்தோறும் இவ்வெண் சராசரியாக 3.4 உயரும். மிதவையுயிர்களில் 6 எனக் கொண்டால், அவற்றை உண்ணும் மீனில் 9.4, அம்மீனை உண்ணும் பெருமீனில் 12.8 ஆகும். கார்பன் 13 படிதோறும் சிறிதளவே மாறுவதால், உணவின் மூலம் மிதக்கும் பாசியா, அடித்தளப் பாசியா என்பதைச் சுட்டும். கொழுப்பும் சான்று பகரும்: டயாட்டங்களில் மிகுதியாக உள்ள பால்மிட்டோலியிக் அமிலம், அவற்றை உண்ட மீனின் கொழுப்பிலும் மிகுந்திருக்கும்.

தசை மெதுவாகப் புதுப்பிக்கப்படுவதால், பல வாரங்கள் அல்லது மாதங்களின் உணவை அது காட்டும். எனினும், உண்ட உயிர் இன்ன இனம் என்று இம்முறை கூறாது. எனவே இரு முறைகளையும் இணைத்தே கையாள வேண்டும்.

பகுப்பாய்வின் நம்பகம் களத்திலேயே தொடங்குகிறது. முதுகுத் துடுப்பின் கீழுள்ள வெண்தசையில் சிறு துண்டெடுத்து உடனே பனிக்கட்டியில் வைக்க வேண்டும். ஃபார்மலினில் இடலாகாது; அது அளவுகளை மாற்றிவிடும். நாள், இடம், மீனின் நீளம் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். அவ்விடத்து மிதவையுயிர்களையும் தவறாது சேகரிக்க வேண்டும். ஏனெனில் தொடக்க எண் இடத்திற்கு இடம் வேறுபடும். அது தெரியாவிடின் 9.4 என்னும் எண்ணுக்குப் பொருளில்லை. ஆசிரியர்கள் மேற்கண்ட கணக்கை வகுப்பில் தொடக்க எண்ணை மாற்றிச் செய்து காட்டினால் இவ்வுண்மை எளிதில் விளங்கும்.

மீனின் இரையைத் தவறாக அறிந்தால், மீன்வளம் குன்றும்போது அதன் காரணத்தையும் தவறாகவே அறிவோம்.