சுடுமல்லி விதையைத் தின்னும் கூன்வண்டு

கூன்வண்டு என்ற பெயரைக் கேட்டாலே விவசாயிகளுக்கு எரிச்சல் வரும். தென்னையைக் குடையும் சிவப்புக் கூன்வண்டு, வாழைக் கிழங்கைத் துளைக்கும் கூன்வண்டு, சர்க்கரைவள்ளியைக் கெடுக்கும் கூன்வண்டு என்று பயிருக்குப் பயிர் ஒன்று உண்டு. நீண்ட மூக்குத்தான் இவற்றின் அடையாளம். ஆனால், பயிரை விட்டுவிட்டுக் களையைத் தின்று வாழும் கூன்வண்டுகளும் இருக்கின்றன. அவற்றில் ஒரு பிரிவு மேற்கு ஆப்பிரிக்காவின் சவன்னா நிலங்களில் காணப்படுகிறது. அங்குள்ள ஏழை விவசாயிகளின் கொடிய பகையான சுடுமல்லியின் விதையே அதற்கு உணவு.

சவன்னா என்பது புல்லும் இடையிடையே மரங்களும் உள்ள வெட்டவெளி. மாலி, புர்கினா ஃபாசோ, கானாவின் வடபகுதி, நைஜீரியாவின் வடபகுதி ஆகியவை இத்தகைய நிலங்கள். ஆண்டுக்கு ஒரே மழைக்காலம். பிறகு பல மாதங்கள் வறட்சி. அங்கு விளைபவை தமிழ்நாட்டு மானாவாரி விவசாயிக்குப் பழக்கமான பயிர்களே: சோளம், கம்பு, மக்காச்சோளம், நிலக்கடலை, தட்டைப்பயறு. சோளமும் கம்பும் ஆப்பிரிக்காவில் தோன்றிப் பழங்காலத்திலேயே இந்தியாவுக்கு வந்தவை.

சுடுமல்லி இந்தத் தானியங்களின் வேரில் ஒட்டி, நீரையும் சத்தையும் உறிஞ்சி வாழும் ஒட்டுண்ணிக் களை. தமிழ்நாட்டில் சோளத்திலும் கரும்பிலும் வருவது ‘ஸ்ட்ரைகா ஏசியாடிகா’ என்ற சிறிய இனம். ஆப்பிரிக்காவில் பெரும் நாசம் செய்வது ‘ஸ்ட்ரைகா ஹெர்மாந்திகா’ என்ற உயரமான இனம். இளஞ்சிவப்புப் பூக்கள் பூப்பது. வயல் முழுதும் அது பூத்து நிற்கும்போது பார்க்க அழகாகத்தான் இருக்கும், விதைத்தவனுக்குத்தான் வயிறு எரியும். நைஜீரியாவின் வடபகுதியில் பேசப்படும் ஹவுசா மொழியில் இதற்கு ‘வுத்தா வுத்தா’ என்று ஒரு பெயர் உண்டு. ‘வுத்தா’ என்றால் நெருப்பு. தமிழன் ‘சுடு’ என்றான். அவன் ‘நெருப்பு’ என்றான். இருவரும் கண்டது ஒன்றே: தண்ணீர் இருந்தும் கருகி நிற்கும் பயிர்.

இக்களையின் பலம் அதன் விதையில் இருக்கிறது. ஒரு செடி 50,000 விதைகளுக்கு மேல் உதிர்க்கக்கூடும். ஒவ்வொரு விதையும் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான். தூசி என்றே சொல்லலாம். காற்றிலும், மழை நீரிலும், மாட்டின் குளம்பிலும், விதைத் தானியத்தோடும் அது பரவுகிறது. மண்ணில் பத்தாண்டுகளுக்கு மேலும் உயிரோடு கிடக்கும். சோளத்தின் வேரிலிருந்து கசியும் பொருள் பட்டால்தான் முளைக்கும். முளைத்த பிறகும் சில வாரங்கள் மண்ணுக்குள்ளேயே இருந்து பயிரை உறிஞ்சும். விவசாயி அதைத் தரைக்கு மேல் பார்க்கும்போது பாதிக் கேடு முடிந்துவிடுகிறது. ஆகவே செடியைக் கொல்வதைவிட, விதை மண்ணில் விழாமல் தடுப்பதே முக்கியம். கூன்வண்டின் மீது விஞ்ஞானிகளின் கவனம் திரும்பியது இதனால்தான்.

வண்டின் வாழ்க்கை

இந்த வண்டுகள் ‘ஸ்மைக்ரோனிக்ஸ்’ என்ற பேரினத்தைச் சேர்ந்தவை. பயிர்களில் சுற்றிப் படரும் அம்மையார் கூந்தலைத் தாக்கும் வண்டுகளும் இதே பேரினத்தில் உண்டு. சுடுமல்லியைத் தாக்கும் வண்டு எள்ளைப் போல் சிறியது. மழைக்காலத்தில் மண்ணிலிருந்து வெளிவந்து சுடுமல்லியைத் தேடிச் செல்கிறது. பெண் வண்டு தன் மூக்கால் பிஞ்சுக் காயில் துளையிட்டு முட்டை வைக்கிறது. முட்டை வைத்த காய் உப்பிக் கழலை போலாகிறது. உள்ளே காலில்லாத வெள்ளைப் புழு உட்கார்ந்துகொண்டு, விதையாக வேண்டியதைத் தின்கிறது. வளர்ந்ததும் காயில் ஓட்டை போட்டுத் தரையில் விழுந்து, மண்ணுக்குள் சிறு கூடு கட்டி, வறட்சிக் காலம் முழுவதையும் அங்கே கழிக்கிறது. அடுத்த மழையில் மீண்டும் வண்டாக வெளிவருகிறது. ஆண்டுக்கு ஒரு தலைமுறைதான்.

புதிய இனம் என்று எப்படிச் சொல்கிறார்கள்?

எள்ளளவு வண்டுகளில் ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தறிவது எளிதல்ல. வயலில் பிடித்த வண்டை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. அது அந்தச் செடியில் தற்செயலாக வந்து உட்கார்ந்திருக்கலாம். எனவே உப்பிய காய்களைப் பறித்து, மண் பரப்பிய பெட்டியில் போட்டு, துணியால் மூடி வைக்கிறார்கள். புழு மண்ணில் இறங்கி வண்டாக வெளிவரும் வரை காத்திருக்க வேண்டும், மாதக்கணக்கில் ஆகலாம். அப்படி வந்த வண்டு எந்தச் செடியைத் தின்று வளர்ந்தது என்பதில் சந்தேகமில்லை.

பிறகு வண்டைச் சிறு அட்டையில் ஒட்டி, பிடித்த ஊர், தேதி, செடியின் பெயர் ஆகியவற்றைச் சீட்டில் எழுதிக் குத்துகிறார்கள். இந்தச் சீட்டு இல்லாத வண்டுக்கு மதிப்பில்லை. உருப்பெருக்கிக் கருவியில் மூக்கின் நீளமும் வளைவும், முதுகுச் செதில்களின் நிறமும் அமைப்பும், கொம்பு, கால் எல்லாம் அளக்கப்படுகின்றன. வெளித்தோற்றம் ஒத்திருந்தால் ஆண் வண்டின் இனப்பெருக்க உறுப்பை அறுத்துப் பார்க்கிறார்கள். பழைய அருங்காட்சியகங்களில் உள்ள மாதிரிகளோடும் ஒப்பிடுகிறார்கள். எதனோடும் பொருந்தவில்லை என்றால்தான் புதிய இனம் என்று பெயர் சூட்டி, விவரத்தை அச்சிட்டு வெளியிடுவார்கள். ஒரு வண்டு மூல மாதிரியாக அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படும். ஆப்பிரிக்கச் சுடுமல்லியைத் தாக்கும் ஸ்மைக்ரோனிக்ஸ் இனங்களைப் பிரித்தறியும் விரிவான கட்டுரை 1997-இல் வெளியாயிற்று. ஆப்பிரிக்காவின் ‘உம்பிரினஸ்’, ‘கினியானஸ்’ என்ற இனங்களும் இந்தியாவின் ‘ஆல்போவேரியேகேட்டஸ்’ என்ற இனமும் ஆய்வில் அதிகம் பேசப்படுபவை.

பெயரில் என்ன இருக்கிறது என்று நினைப்பவர்கள் கேரளத்துக் காயல்களை மூடிய ‘ஆப்பிரிக்கப் பாயல்’ என்ற நீர்க்களையின் கதையைக் கவனிக்கலாம். அதை ஒழிக்க முதலில் ஒரு கூன்வண்டை ஆப்பிரிக்காவில் விட்டுப் பார்த்தார்கள். பயன் மிகக் குறைவு. பின்னர் பிரேசிலில் பிடித்த வண்டுகள் 1980-இல் ஆஸ்திரேலியாவின் மூண்டாரா ஏரியில் விடப்பட்டன. ஓராண்டுக்குச் சற்று அதிகமான காலத்தில் ஏரி தெளிந்தது. இரண்டும் ஒரே வண்டு என்றே எண்ணப்பட்டு வந்தது. நுணுகிப் பார்த்தபோது பின்னது புதிய இனம் என்று தெரிந்து, 1985-இல் தனிப் பெயர் பெற்றது. கேரளத்துக் காயல்களைத் தெளிய வைத்ததும் இந்த இனமே. இனத்தைத் தவறாக அறிந்தால் உழைப்பும் பணமும் வீணாகும்.

வண்டு மட்டும் போதுமா?

இந்த இடத்தில் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு சுடுமல்லிச் செடியில் 50,000 விதை என்று வைத்துக்கொண்டால், வண்டு 80 சதவீதத்தைத் தின்றுவிட்டாலும் 10,000 விதை மிஞ்சும். முந்தைய ஆண்டுகளில் விழுந்தவை வேறு மண்ணில் கிடக்கின்றன. மாலி நாட்டு நிலையை வைத்து 1993-இல் வெளியான ஓர் ஆய்வுக் கணக்கும் இதையே காட்டுகிறது: வண்டை மட்டும் நம்பினால், முளைத்தெழும் சுடுமல்லியைப் பாதியாகக் குறைக்கவே ஆண்டுதோறும் 95 சதவீத விதையை அது அழித்தாக வேண்டும். அவ்வளவு தின்பது அதனால் ஆகாத காரியம். 1970-களில் இந்திய வண்டை எத்தியோப்பியாவுக்குக் கொண்டுபோய் விட்டுப் பார்த்ததிலும் எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை.

அதற்காக வண்டை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. மற்ற முறைகளோடு சேரும்போது அது தின்னும் ஒவ்வொரு காயும் லாபமே; அதற்குக் கூலியும் இல்லை. பருத்தி, தட்டைப்பயறு, நிலக்கடலை ஆகியவற்றின் வேர்க்கசிவும் சுடுமல்லி விதையை முளைக்க வைக்கும். ஆனால் ஒட்டிக்கொள்ள இடம் கொடுக்காது. முளைத்த விதை சில நாட்களில் பட்டினியால் மடியும். விதையைத் தூண்டி எழுப்பும் பொருளை விஞ்ஞானிகள் 1966-இல் முதன்முதலில் பிரித்தெடுத்ததே பருத்தி வேரிலிருந்துதான். எனவே சோளத்துக்குப் பிறகு சோளம் என்று விதைக்காமல் இப்பயிர்களை மாற்றி விதைப்பது மண்ணிலுள்ள விதைச் சேமிப்பைக் குறைக்கும். தழைச்சத்து குறைந்த மெலிந்த மண்ணில் சுடுமல்லி கொழிக்கும். தொழு உரம் இட்ட நிலத்தில் அதன் வேகம் தணியும்.

சோளக்கொல்லையில் சுடுமல்லி கண்டவர்கள் பூப்பதற்கு முன்பே பிடுங்கிவிடுவது நல்லது. வண்டுக்காக அதை விட்டுவைக்க வேண்டாம். தப்பும் விதை வண்டு தின்னும் விதையைவிட அதிகம். பூத்த பிறகு பிடுங்கினால் வரப்பில் போடாமல் எரித்துவிட வேண்டும், ஏனெனில் பிடுங்கிய செடியிலும் விதை முற்றும். காய்களில் உப்பியவை கண்ணில் பட்டால் ஒன்றை நகத்தால் பிளந்து பார்க்கலாம். உள்ளே வெள்ளைப் புழு இருந்தால் அது சோளத்தைத் தொடாது. அதைக் கண்டு பூச்சிமருந்து அடிக்கத் தேவையில்லை.