படப் புத்தகமா? ஆண்டைப் பாருங்கள்!

காஜாங்கில் சாத்தே சாப்பிடப் போன இடத்தில், தாம்பத்தியம் பற்றிய பழைய படப் புத்தகம் கண்ணில் பட்டால் கூச்சப்பட வேண்டாம். முதலில் அது அச்சான ஆண்டைப் பாருங்கள். டாக்டர் அலெக்ஸ் கம்ஃபர்ட்டின் புகழ்பெற்ற 'தி ஜாய் ஆஃப் செக்ஸ்' வந்தது 1972-இல். எய்ட்ஸ் நோய் தெரிய வந்ததோ 1981-இல்தான். முதற்பதிப்பில் அந்த எச்சரிக்கை எப்படி இருக்கும்? 2008-இல் சூசன் குவில்லியம் அதைத் திருத்தி எழுதினார்.

இன்னொன்று: படத்தில் வலி தெரியாது. மனைவி "வலிக்குதுங்க" என்றால், "புத்தகத்திலே இப்படித்தானே போட்டிருக்கு" என்று சாதிக்காதீர்கள். உடனே நிறுத்துங்கள், என்ன செய்கிறது என்று கேளுங்கள். வலியோ இரத்தப்போக்கோ தொடர்ந்தால், இருவருமாகக் கவர்மெண்டு கிளினிக்குக்குப் போங்கள். வெட்கப்பட்டு நோயை வளர்க்க வேண்டாம்.