கடுந்தலைவரின் கீழ்ப் பணிபுரிதல்

உலகில் தமக்குத் தாமே தலைவராய் வாழ்வோர் மிகச் சிலரே. ஏனையோர் பிறர் ஏவல்வழி நின்றே தொழில் புரிகின்றனர். வில்லியனூர், பாகூர்ப் பகுதிச் சிற்றூர்களினின்று வைகறையில் பேருந்தேறி ஆலைக்கும் அலுவலகத்துக்கும் செல்லும் இளைஞருட் சிலர், வேலையின் கடுமையினும் மேலதிகாரியின் கடுமையே தம்மை வாட்டுவதெனக் கூறுவர். நம்மிற் பலரும் விரைவில் அந்நிலையை எய்தவிருத்தலின், இதனை ஆராய்தல் பயனுடைத்து.

திருக்குறளின் 70 ஆம் அதிகாரமாகிய மன்னரைச் சேர்ந்தொழுகல் இப்பொருளையே பேசுகின்றது. நெருப்பை விட்டு நெடுந்தூரம் விலகினால் குளிர் நீங்காது. மிக நெருங்கினாலோ உடல் வேகும். சினமுடைய தலைவரிடத்தும் இவ்வளவறிதலே முதற்பாடமாம்.

இங்ஙனம் அளவறிந்து ஒழுகியவர்க்குப் புதுவையிலேயே ஒரு சான்றுண்டு. ஆனந்தரங்கப் பிள்ளை (1709–1761) பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின்கீழ்த் தலைமைத் துபாஷாக இருந்தவர். துபாஷ் என்பார் இருமொழியும் அறிந்து, ஆளுநர்க்கும் நாட்டினர்க்கும் இடைநின்று காரியம் முடிப்பவர். 1746 இல் முந்தைய துபாஷ் கனகராய முதலியார் இறந்தபின், பிள்ளைக்கு அப்பதவி உடனே கிட்டவில்லை. ஆளுநரின் மனைவியார் அவர்க்கு மாறாயிருந்தார். பதவி கிட்டிய பின்னரும் அப்பகை ஒழியவில்லை.

அவர் கையாண்ட முறை யாது? 1736 முதல் தம் இறுதிக்காலம் வரை நாட்குறிப்பு எழுதிவந்தார். ஆளுநர் வினவியதும் தாம் விடையிறுத்ததும் அதனுட் பதிவாயின. இப்பழக்கத்தால் விளையும் நன்மை மூன்று. சினத்தைத் தாளில் இறக்கிவைப்பவன் அதனை அதிகாரிமுன் கொட்டான். நேற்றுச் சொன்னதை இன்று மறுக்குந் தலைவர்முன், தன் நினைவு பிழையன்று என்று தெளிவான். தலைவரின் மனம் எப்பொழுது கொதிக்கும், எப்பொழுது குளிரும் என்பதும் நாளடைவில் அவனுக்குப் புலப்படும்.

எனினும் தனியொருவர் திறமைக்கு எல்லையுண்டு. 1748 செப்டம்பரில், ஆங்கிலேயர் முற்றுகையின்போது, புதுவை வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. அத்துணை உயர்ந்த பதவியிலிருந்தும் பிள்ளையால் அதனைத் தடுத்தல் இயலவில்லை. துயரத்தை எழுதிவைத்தலே இயன்றது.

அநீதியைத் தடுக்கப் பலர் கூடல் வேண்டும். 1936 சூலை 30 ஆம் நாள், புதுவைச் சவானா ஆலையில் போராடிய தொழிலாளர்மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. 12 பேர் மாண்டனர். அப்போராட்டத்தின் பயனாய் 1937 இல் எட்டுமணி நேர வேலை சட்டமாயிற்று.

ஆதலின், மேலதிகாரியின் கடுமையை முதற்கண் இருவகையாகப் பிரித்தறிதல் வேண்டும். சிடுசிடுப்பும் சுடுசொல்லும் குணக்குறை. அவற்றை அளவோடு விலகி நின்றும் எழுதி ஆறியும் கடக்கலாம். கூலியைப் பிடித்துக்கொள்ளுதல், பொய்க்கணக்கு எழுதப் பணித்தல், கைந்நீட்டுதல் ஆகியவையோ குற்றம். அவற்றைப் பொறுத்தல் பொறுமையாகாது. உடன் பணிபுரிவோரோடு கூடி எழுத்து மூலமாக முறையிடல் வேண்டும். அப்பொழுது, நாளும் நேரமும் சொல்லிய சொல்லும் குறித்த நோட்டுப் புத்தகமே நமக்குச் சாட்சியாய் நிற்கும்.