செருப்புக்கு அட்டை செல்லாது

அன்புள்ள மருமகனுக்கு,

நேற்று ராத்திரி நீ போனில் கேட்டதற்கு, 'பார்க்கலாம்' என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அது போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை. உன் அப்பாவுக்கு இடது கால் பெருவிரலின் அடியில் ஆணி மாதிரி தடித்து, நடுவில் நீர் கசிகிறது என்றாய். வலி இல்லை என்று அவனே சொன்னதாகவும், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருப்பதால் ஏதாவது தனியார் ஆஸ்பத்திரியில் காட்டிவிடலாமா என்றும் கேட்டாய். எனக்குப் பயமே அந்த 'வலி இல்லை'யில்தான்.

அட்டையை முதலில் பேசிவிடுவோம். 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாக வந்தது. 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறியது. 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்தோடு சேர்ந்தது. ஆட்சி மாறினாலும் கைவிடாமல் வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் இது சின்ன விஷயமில்லை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை செலவை ஏற்கிறது. முகாமில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு அந்த வருமான வரம்பும் கிடையாது. 5 லட்சம் என்பது ஆளுக்கு இல்லை, வீட்டுக்கு. உன் பாட்டிக்கு இதயத்தில் ஏதாவது செய்ய வேண்டி வந்தால், அந்த வருடம் உன் அப்பாவுக்கு மிச்சம் குறையும்.

இனிமேல்தான் நீ கவனமாகப் படிக்க வேண்டியது. இந்த அட்டை பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்தவர்களுக்கானது. எந்தெந்த சிகிச்சைக்கு எவ்வளவு என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிகிச்சைகளுக்குப் பட்டியல் போட்டு, விலையும் கட்டி வைத்திருக்கிறார்கள். டாக்டர் அட்மிஷன் எழுத வேண்டும். இன்சூரன்ஸ் கவுண்டரில் எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை எல்லாம் சேர்த்து அனுமதிக்கு அனுப்புவார்கள். அனுமதி வந்தால் பணம் நேராக ஆஸ்பத்திரிக்குப் போகும். அரசு ஆஸ்பத்திரியில் செய்தாலும் அப்படித்தான். அழுகிய சதையை வெட்டிச் சுத்தம் செய்ய, தோல் ஒட்ட, கணுக்கால் எலும்பு முறிந்தால் பிளேட் வைக்க, கடைசியில் காலையே எடுக்க, எல்லாவற்றுக்கும் பட்டியலில் இடம் உண்டு. ஓ.பி. சீட்டு வாங்கிப் புண்ணைக் காட்டிவிட்டு வருவதற்கு அட்டை உதவாது. ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டுப் போடுவதற்கும், அடியில் மெத்தென்ற ரப்பர் வைத்த செருப்புக்கும் உதவாது.

முப்பது வருடம் அறுவை சிகிச்சை வார்டில் இருந்தவள் நான். கால் எடுத்த பிறகு அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, 'சிஸ்டர், ஒரு பைசா செலவாகல' என்று நன்றியோடு சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று கடைசிவரை எனக்குத் தெரிந்ததில்லை.

உன் அப்பாவுக்கு ஏன் வலிக்கவில்லை? பதினைந்து வருடச் சர்க்கரை, காலின் நரம்புகளை அரித்துவிட்டது. இதைப் புரிய வைக்க, நம் வேலூர்ப் பக்கத்தில் நடந்த ஒரு கதை இருக்கிறது. பால் பிராண்ட் என்று ஒரு டாக்டர். 1914-ல் நம் கொல்லிமலையில் பிறந்த வெள்ளைக்காரர். 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோய் வந்தால் விரல்கள் தானாக அழுகி உதிர்ந்துவிடும் என்று அப்போது டாக்டர்களே நம்பினார்கள். அவர் நோயாளிகளோடு இருந்து பார்த்துப் பார்த்து, விரலை நோய் தின்னவில்லை என்று கண்டுபிடித்தார். உணர்ச்சி போனதால் சூட்டில் வைத்ததும், ஆணியில் மிதித்ததும், புண்ணோடு நடந்ததும்தான் விரலை அழித்தன. பிறகுதான் புண் வராமல் காக்கும் செருப்பு என்ற யோசனை வலுத்தது. மைக்ரோ செல்லுலர் ரப்பர் வைத்த அந்தச் செருப்பைத்தான் இன்றைக்கும் எம்.சி.ஆர். செருப்பு என்கிறோம். 1960-களில் அவர் அமெரிக்காவில் கார்வில் என்ற ஊருக்குப் போனார். அங்கே சர்க்கரைக்காரர்களின் காலிலும் இதே கதையைத்தான் பார்த்தார்.

இப்போது அந்த அமெரிக்காவில், முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர், காலில் பாதிப்பு உள்ள சர்க்கரை நோயாளிக்கு வருடம் ஒரு ஜோடி தனிச் செருப்புக்குச் செலவில் 80 சதவீதம் கொடுக்கிறது. 1993-லிருந்தே நாடு முழுவதும் இது நடக்கிறது. இங்கேயும் தொழுநோயால் கால் உணர்ச்சி போனவர்களுக்கு அரசு வருடத்துக்கு இரண்டு ஜோடி எம்.சி.ஆர். செருப்பு இலவசமாகத் தருகிறது. 2023-ல் வந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வுப்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பதினாலு பேருக்கு மேல் சர்க்கரை. காலை எடுக்கப் பணம் தரும் அட்டை, காலைக் காக்கும் செருப்புக்கும் தந்தால் என்ன? யாராவது எம்.எல்.ஏ. சட்டமன்றத்தில் கேட்கட்டும்.

அதுவரை நமக்கு வழி அட்டையில் இல்லை, அரசு ஆஸ்பத்திரி ஓ.பி.யில் இருக்கிறது. அங்கே அட்டையே தேவையில்லை. கட்டு, மருந்து, பரிசோதனை எல்லாம் இலவசம். 'பாதம் பாதுகாப்போம்' என்று அரசே ஒரு திட்டம் வைத்து, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சர்க்கரைக்காரர்களின் காலைப் பார்க்கச் சொல்லியிருக்கிறது. நைலான் நரம்பு ஒன்றை வைத்துப் பாதத்தில் அங்கங்கே அழுத்துவார்கள். 10 கிராம் அழுத்தத்தில் அது வளையும். வளைந்தும் உன் அப்பாவுக்குத் தெரியவில்லை என்றால் கால் ஆபத்தில் இருக்கிறது. ஒரு நிமிட வேலை. செய்யாவிட்டால் நீயே கேள். 'சிஸ்டர், காலையும் பாருங்க' என்று சொல்வதில் வெட்கம் வேண்டாம். கூட்டத்தில் நானே எத்தனையோ நாள் விட்டிருக்கிறேன்.

உன் தாத்தாவை நினைத்துக்கொள்கிறேன். ஒரு சித்திரை மாதம், மத்தியானத்தில், திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் வெறுங்காலோடு நடந்தார். வீட்டுக்கு வந்து படுத்த பிறகு, கொப்புளத்தைப் பார்த்தது அம்மாதான். அவருக்குச் சுட்டதே தெரியவில்லை. இரண்டு விரல் போயிற்று. உன் அப்பாவோ தையல் மிஷின் பெடலை நாளெல்லாம் வெறுங்காலால் மிதிக்கிறவன். அந்தத் தடிப்பு வந்த இடத்தைப் பார், பெடல் படுகிற இடம்தான். பிளேடால் சீவவோ, மெடிக்கலில் விற்கிற ஆணி பிளாஸ்திரியை ஒட்டவோ விடாதே. அதில் இருக்கும் ஆசிட் நல்ல தோலையும் சேர்த்து அரிக்கும். வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம்.

இன்னொன்று, எப்போதாவது அவன் கணுக்காலோ பாதமோ புண்ணே இல்லாமல் வீங்கி, சிவந்து, மற்றக் காலைவிடச் சூடாக இருந்தால், சுளுக்கு என்று எண்ணெய் தேய்க்க யாரிடமும் கூட்டிப் போகாதே. உணர்ச்சியில்லாத காலில் எலும்புகள் உள்ளுக்குள்ளேயே நொறுங்குகிற சார்கோ என்ற நிலையாக இருக்கலாம். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில்கூடத் தெரியாது. நடப்பதை அன்றைக்கே நிறுத்தி, மாவுக்கட்டுப் போட்டால் பாதம் பிழைக்கும். சுளுக்கு எடுத்து, வளைந்த பாதத்தோடு வந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

சாலை விபத்தில் கால் உடைந்தால் கதை வேறு. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் யாருக்கு அடிபட்டாலும், அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும், முதல் 48 மணி நேரத்துக்கு, திட்டத்தில் சேர்க்கப்பட்ட ஆஸ்பத்திரிகளில் சிகிச்சை இலவசம். நீ பைக் ஓட்டுகிற வேகத்துக்கு இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. நாளைக்கு நீ வேலைக்குப் போய், மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் என்றால் இ.எஸ்.ஐ. வரும். அதில் ஓ.பி.யும் மாத்திரையும் சேர்த்தி. உன்னை நம்பியிருக்கிற அப்பா அம்மாவையும் அதில் காட்டலாம்.

ஒருவேளை அட்மிஷன் அவசியம் என்று டாக்டர் சொன்னால், அட்டையை முதல் நாளே கவுண்டரில் காட்டு. நம் தெருவிலேயே ஒருவர் அட்டையை எடுக்காமல் போய் முன்பணம் கட்டிவிட்டார். கட்டின பணம் திரும்பவில்லை. பட்டியலில் உள்ள சிகிச்சைக்குத் தனியாகப் பணம் கேட்டால் 1800 425 3993-க்குக் கூப்பிட்டுச் சொல். அது இலவச எண்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு அவனைக் கூட்டிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு வந்துவிடு. வெறுங்காலோடு வேண்டாம், செருப்புப் போட்டுத்தான். அவன் தினமும் போடுகிற பழைய செருப்பாக இருக்கட்டும். அடி எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஓ.பி. சீட்டு வாங்குகிற இடத்தில் நான் நிற்பேன்.

அன்புடன்,
உன் அத்தை