வீட்டுக்கும் மேடைக்கும் ஒரே ஆம்ப்: வாட்ஸை மட்டும் பார்த்து வாங்காதீங்கோ

இந்தக் கிழமை எபிசோட்டில் கிற்றார் ஆம்ப் பற்றிக் கதைக்கத் தொடங்கி, நேரம் போதாமல் கணக்குப் பகுதியை விட்டிட்டன். அதை இங்கே எழுதுறன். கேள்வி இதுதான்: பலேர்மோவில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிற நீங்கள், வீட்டுப் பயிற்சிக்கும் ஹோல் நிகழ்ச்சிக்கும் சேர்த்து ஒரே ஒரு ஆம்ப் வாங்குவதென்றால் எதைப் பார்த்து வாங்க வேணும்?

முதலில் என்ர பிழையைச் சொல்லிவிடுறன். என் முதல் ஆம்பை வாட்ஸை மட்டும் பார்த்து வாங்கினன். காசு அம்மா தந்தது. ஒரு பிறந்தநாள் விழாவில் சவுண்ட் பார்க்கிற அண்ணை, "தம்பி, மிக்ஸருக்கு ஒரு லைன் தாங்கோ" எண்டார். ஆம்பின் ஹெட்போன் ஓட்டையில் வயரைச் செருகினன். உடனே ஆம்பின் ஸ்பீக்கர் நிண்டுபோச்சு. சபைக்குக் கேட்டது, எனக்குக் கேட்கவில்லை. இரண்டாவது சரணத்தில் தாளத்தை விட்டிட்டன். ஆம்பில் பழுது இல்லை. அது அப்படித்தான் வேலை செய்யும். வாங்கும்போது நான் அதைப் பார்க்கவில்லை.

1. வாட்ஸ் வேற, சத்தம் வேற

பள்ளிக்கூடத்தில் 'லொகாரித்மோ' படிச்சிருப்பீங்கள். தமிழில் மடக்கை. காது சத்தத்தை ஏறத்தாழ அப்படித்தான் உணருது. வாட்ஸ் இரண்டு மடங்கானால் 3 டெசிபெல் மட்டும் கூடும். சத்தம் இரண்டு மடங்கு எண்டு காதுக்குப் பட சுமார் 10 டெசிபெல் வேணும், அதாவது 10 மடங்கு வாட்ஸ். ஆகவே 100 வாட்ஸ் ஆம்ப் 50 வாட்ஸ் ஆம்பைவிடக் கொஞ்சம்தான் கூடக் கேட்கும்.

ஸ்பீக்கரும் முக்கியம். 1 வாட்ஸ் குடுத்து 1 மீற்றர் தூரத்தில் அளந்தால் ஒரு ஸ்பீக்கர் 97 டெசிபெல் தரும், இன்னொன்று 100 தரும். அந்த வித்தியாசம், ஆம்பின் வாட்ஸை இரண்டு மடங்காக்கினதுக்குச் சமம்.

2. மெதுவாக வாசிக்கும்போது எப்படிக் கேட்குது?

இங்கே பல கொந்தோமீனியோக்களில் மத்தியானத்திலும் இரவிலும் சத்தம் போட விதி விடாது. 15 வாட்ஸ் வால்வ் ஆம்ப் ஒன்றை எடுங்கோ, உதாரணமாக ஃபெண்டர் புளூஸ் ஜூனியர். அதன் பவர் வால்வுகள் தரும் கரகரப்பு வேணுமெண்டால் வொல்யூமை நல்லாக் கூட்ட வேணும். கூட்டினால் கீழ்வீட்டுக்காரர் மேலே வருவார்.

பாஸ் கட்டானா-50 மாதிரி ஆம்பில் 50, 25, 0.5 வாட்ஸ் எண்டு மாற்றும் வசதி இருக்கு. 50 இலிருந்து 0.5 எண்டால் வாட்ஸ் நூறில் ஒரு பங்கு. அது 20 டெசிபெல் குறைவு. காதுக்கு ஏறத்தாழ கால் பங்கு சத்தம். தொனி அவ்வளவாக மாறாது.

3. எங்கட பாட்டுக்கு என்ன வேணும்?

மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் (1969–2014) ஐந்து கம்பி கொண்ட மின் மாண்டலினில் கர்நாடக இசை வாசிச்சவர். சாதாரண மாண்டலினில் கம்பியைத் தட்டினதும் ஒலி சீக்கிரம் தேய்ந்துவிடும். கமகத்துக்கு ஒரு தட்டலிலேயே விரலை இழுத்து அடுத்த சுரங்களுக்குப் போக வேணும், அதுவரை ஒலி நிற்க வேணும். மின் வாத்தியமும் ஆம்பும் அதுக்கு உதவின. ஆகவே கடையில் மெட்டல் சத்தத்தை மட்டும் சோதிக்காதீங்கோ. சுத்தமான தொனியில் ஒரு சுரத்தை இழுத்துப் பாருங்கோ. கம்ப்ரெஸர் இருந்தால் ஒலி இன்னும் கொஞ்சம் நீளும்.

4. ஹோலை நிரப்புறது ஆம்பின் வேலையில்லை

ஹோலில் பெரிய சவுண்ட் சிஸ்டம் இருக்கும். சபைக்கான சத்தத்தை அது தரட்டும். ஆம்ப் உங்களுக்கும் பக்கத்தில் நிற்கிற டிரம்ஸ்காரருக்கும் கேட்டால் போதும். அதனால் லைன் அவுட் இருக்கா எண்டு பாருங்கோ. அதில் வயர் செருகினால் ஸ்பீக்கர் நிற்குதா எண்டும் பாருங்கோ. நிண்டால், ஷூர் எஸ்எம்57 மாதிரி ஒரு மைக்கை ஸ்பீக்கருக்கு முன்னால் வைக்கச் சொல்லுங்கோ. அண்டைக்கு நான் கேட்டிருக்க வேண்டியதும் அதுதான்.

5. யார் தூக்குறது?

கட்டானா-50 சுமார் 11.6 கிலோ, கரண்ட் வேணும். கிற்றாரை முதுகில் போட்டுக்கொண்டு மொண்டெல்லோ பஸ்ஸில் ஏறிப் பாருங்கோ, விளங்கும். பியாற்சாவில் வாசிக்கிற ஆக்களுக்கு ரோலண்ட் கியூப் ஸ்ட்ரீட் இஎக்ஸ் பொருந்தும்: சுமார் 7.4 கிலோ, 8 ஏஏ பற்றரி, 50 வாட்ஸ் வரை, பாடுறவருக்கு மைக் போடவும் இடம் இருக்கு. ஆனால் வெளியில் சுவர் இல்லை. தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபெல் போகும். சனத்தைக் கிட்ட வரச் சொல்லுங்கோ.

கடையில் செய்ய வேண்டியது

உங்கட கிற்றாரையே கொண்டு போங்கோ. பக்கத்தில் ஒருவர் சாதாரணமாகக் கதைக்கிற சத்தத்துக்கு வொல்யூமை வைத்து ஐந்து நிமிசம் வாசியுங்கோ. பிறகு லைன் அவுட்டில் வயரைச் செருகி ஸ்பீக்கரைக் கவனியுங்கோ. கடைசியாக ஆம்பைக் கடை வாசல்வரை தூக்கி நடவுங்கோ. மூன்றிலும் சரியெண்டால் வாங்கலாம். ஒன்றில் பிழைத்தாலும் அந்தக் காசை வீட்டில் வச்சிருங்கோ. அது யாரோ உழைச்ச காசு.

அடுத்த கிழமை சந்திப்பம்.