ஓர் இடைவெளியால் வரும் கேடு

பவணந்தியார் தம் நன்னூலுள் பொதுமொழி என ஒரு சொல்வகை கூறுவர். 'வேங்கை' என ஒன்றாய் நிற்பின் ஒரு மரத்தைக் குறிக்கும். 'வேம் கை' எனப் பிரிந்து நிற்பின் வேகின்ற கையைக் குறிக்கும். இவ்வாறு பிரிப்பினாற் பொருள் மாறுதல் கணிப்பொறிக் கட்டளைகளிலும் உண்டு. அதனை ஈண்டு ஆராய்வாம்.

கணிப்பொறியின் உறுப்புகளையும் நிரல்களையும் இணைத்து ஆளும் உள்நிரலைக் கர்னல் என்பர். 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் கர்னலே, சி-டாக் நிறுவனத்தார் சென்னையில் உருவாக்கி 2007-இல் வெளியிட்ட 'பாஸ்' இயங்குதளத்திற்கும் அடிப்படையாகும். புதிய கர்னலைப் பொறியில் நிறுவுவது, 'ஷெல்' என்னும் கட்டளை மொழியில் எழுதப்பட்ட சிறு கோவை. அதில் ஒருவர் செய்த திருத்தத்தைப் பிறரொருவர் படித்து ஆராய்ந்த பின்னரே ஏற்றல் மரபு.

இதன் காரணம் யாதெனின், ஷெல் இடைவெளி கண்டவிடத்துச் சொல் முடிந்ததெனக் கொள்ளும். நிறுவுகோவையோ தலைமை அதிகாரத்துடன் இயங்குவதாகலின், அழிக்கச் சொன்னதைத் தடையின்றி அழிக்கும். 2011-இல் 'பம்பிள்பீ' என்னும் மென்பொருளின் நிறுவுகோவையில், நீண்டதொரு கோப்புப் பாதையின் நடுவே ஓர் இடைவெளி தவறி விழுந்தது. ஒரு சிறு பகுதியை அழிக்க எழுந்த கட்டளை, மென்பொருள் பலவும் தங்கும் 'யு.எஸ்.ஆர்.' கோப்புறை முழுவதையும் அழித்துவிட்டது.

ஆகவே, ஆராய்வோன் வினவத்தக்கன மூன்று. கோப்புப் பெயர்கள் மேற்கோட்குறிக்குள் அடங்கியுள்ளனவா? புதிய கர்னற்கோப்பு உண்மையில் உளதா என முதற்கண் சோதிக்கப்படுகிறதா? பழைய கர்னல் காக்கப்படுகிறதா? லினக்ஸுடன் வரும் நிறுவுகோவை, பழையதற்கு 'ஓல்ட்' என்னும் பின்னொட்டிட்டு ஒதுக்கிய பின்னரே புதியதை எழுதும். புதியது பழுதுறின் பழையதைக் கொண்டு பொறியை மீண்டும் எழுப்பலாம். இக்காவலை நீக்கும் திருத்தம் ஒரு வரியேயாயினும், தக்க காரணமின்றி ஏற்கத்தக்கதன்று.

எம் சிவகாசியில் நாட்காட்டி அச்சிடுவோர், பல்லாயிரம் படிகள் ஓடுமுன் மெய்ப்பினைப் பார்த்துத் திருத்துவர். எழுதினவன் கண் தான் எழுத நினைத்ததைக் காணும். பிறன் கண் எழுதியுள்ளதைக் காணும். லினக்ஸ் கர்னலில், ஆராய்ந்தவர் பெயரும் திருத்தத்தோடு பதியப்படுவதுண்டு. எனவே பொறுப்பு இருவர்க்கும் உரியது.

மாணவ நண்பர்காள்! புணர்ச்சியும் பிரிப்பும் பயின்ற நமக்கு இப்பணி அயலானதன்று. பிறர் எழுதியதைப் பொறுமையுடன் வரிவரியாய்ப் படிக்கும் பழக்கம் எத்துறையிலும் நமக்குத் துணையாகும்.